சர்வீஸ் டிஸ்கவரி கருவிகளை ஏஐ ஏஜென்டுக்கு எப்படி விளக்கி எழுதுவது?

நெட்வொர்க்கில் ஓடும் சேவைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே சர்வீஸ் டிஸ்கவரி. நிறுவனங்களின் உள் நெட்வொர்க்கில் ஓடும் சேவைகளை ஏஐ ஏஜென்டுகளே (சொன்ன வேலையை, கருவிகளை அழைத்துத் தாமே செய்யும் மென்பொருள்கள்) தேடிப் பிடித்துப் பயன்படுத்தும் ஏற்பாடு 2025-இல் வேகமாகப் பரவியது. சேவைகளின் பதிவேடான கன்சல், சேவைகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னடிஸ், அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்கும் சர்வீஸ் பட்டியல் என்று எது இருந்தாலும், அதன்மேல் ஒரு எம்சிபி சர்வரை (ஏஜென்டுக்குக் கருவிகளைத் தரும் இணைப்பு நிரல்) வைத்துவிட்டு, இனி ஏஜென்டே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். குழப்பம் அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. செயலிழந்த சர்வரின் முகவரியை ஏஜென்ட் எடுத்துக் கொடுக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சேவையை "இல்லை" என்கிறது. சோதனைச் சூழலில் தேடச் சொன்னால், வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நேரடிச் சூழலில் போய் நிற்கிறது.

ஏஜென்டுக்குள் முடிவெடுக்கும் ஏஐ மாடலின்மேல் பழி போடுவது எளிது. ஆனால் இந்த மூன்று கோளாறுகளும் அந்தக் கருவிக்கு எழுதிய இரண்டு வரி விளக்கத்திலிருந்தே பிறக்க முடியும். ஏஜென்டைப் பொறுத்தவரை அந்த விளக்கம், ஓடும் அமைப்பின் ஒரு பகுதி. நிரலை எழுதுகிற அதே கவனத்தோடு அதையும் எழுத வேண்டும், சோதிக்க வேண்டும், பராமரிக்க வேண்டும். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

சர்வீஸ் டிஸ்கவரி எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது?

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில், எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் அதைக் கையால் திருத்திப் பராமரித்தார்கள். மற்றவர்கள் அங்கிருந்து பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அந்த முறை தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். பெயரைக் கொடுத்தால் முகவரி கிடைக்கும். பட்டியலைப் பராமரிக்கும் பொறுப்பு பலரிடம் பிரிந்திருக்கும்.

கிளவுட் வந்தபிறகு முகவரிகள் நிமிடத்துக்கு நிமிடம் மாற ஆரம்பித்தன. ஒரே சேவையின் பத்துப் பிரதிகள் ஓடும். இரண்டு விழும், மூன்று புதிதாக எழும். யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று தொடர்ந்து கவனிக்கும் பதிவேடு தேவைப்பட்டது. நெட்ஃபிளிக்ஸ் 2012-இல் வெளியிட்ட யுரேகா, 2013-இல் வந்த எட்சிடி, 2014-இல் ஹாஷிகார்ப் வெளியிட்ட கன்சல் எல்லாம் இந்தத் தேவைக்குப் பயன்பட்டவை. இப்படி ஓடும் ஒவ்வொரு பிரதியையும் இன்ஸ்டன்ஸ் என்கிறோம்.

ஆக, ஒரு சேவையைத் தேடுகிறவருக்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன:

1. அது எங்கே இருக்கிறது?
2. இப்போது உயிரோடு இருக்கிறதா?
3. அது என்ன வேலை செய்யும், அதனிடம் எப்படிக் கேட்க வேண்டும்?

முதல் இரண்டுக்கும் இயந்திரம் பதில் சொல்லிவந்தது. மூன்றாவதை மனிதர்கள் பார்த்துக்கொண்டார்கள். புரோகிராமர் விக்கி பக்கத்தைப் படிப்பார், பக்கத்து டீமில் ஒருவரிடம் கேட்பார், எந்தச் சேவையை அழைப்பது என்று முடிவெடுத்து அதன் பெயரை நிரலில் எழுதிவிடுவார். அந்த முடிவு ஒருமுறைதான் எடுக்கப்படும். அதன்பிறகு நிரல் ஓடும்போதெல்லாம் முதல் இரண்டு கேள்விகள் மட்டுமே எழும்.

ஏஜென்ட் வந்ததும் மூன்றாவது கேள்வியும் ஓடும் நேரத்துக்கு நகர்ந்துவிட்டது. "இந்த ஆர்டருக்குப் பணம் ஏன் திரும்பவில்லை, பார்" என்று ஒருவர் கேட்டால், எந்தச் சேவையிடம் போவது என்பதை ஏஜென்ட் அந்த நிமிடத்தில் முடிவு செய்கிறது. பக்கத்து டீமில் யாரிடமும் அதனால் கேட்க முடியாது. எழுதி வைத்திருப்பது எதுவோ அதுதான் அதற்குத் தெரியும்.

இதற்கு முன் நடந்த இரண்டு முயற்சிகள்

இயந்திரமே படித்துச் சேவையைத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற எண்ணம் புதியதல்ல. 2000-இல் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா ஆகியவை சேர்ந்து யுடிடிஐ என்ற பொதுப் பதிவேட்டை அறிவித்தன. உலகத்து நிறுவனங்கள் தங்கள் சேவைகளை அதில் பதியும், மற்ற நிறுவனங்களின் மென்பொருள் அதில் தேடி எடுத்துக்கொள்ளும் என்பது கனவு. 2006 ஜனவரியில் அந்தப் பொதுப் பதிவேடு மூடப்பட்டது. தரவடிவம் இருந்தது, பதியும் வழி இருந்தது. பதிந்த விவரம் இன்றும் சரிதானா என்று உறுதி சொல்ல ஆள் இல்லை என்பதே அதன் பெரிய பலவீனம் என்று தோன்றுகிறது. அந்தப் பலவீனம் இன்றைய பதிவேடுகளுக்கும் இருக்கிறது.

இரண்டாவது முயற்சி சாட்ஜிபிடி பிளகின்கள். 2023 மார்ச்சில் வந்தன, 2024 ஏப்ரலில் முடிந்தன. ஒவ்வொரு தளமும் குறிப்பிட்ட இடத்தில் ஒரு சிறிய கோப்பை வைக்க வேண்டும். அதில் மனிதர்களுக்கான விளக்கம் ஒன்று, மாடலுக்கான விளக்கம் ஒன்று என இரண்டு தனித்தனிப் புலங்கள் இருந்தன. பிளகின்கள் நிலைக்கவில்லை. ஆனால் மாடலுக்குத் தேவைப்படும் விளக்கம் வேறு என்பதை ஒரு தரவடிவத்திலேயே எழுதிக் காட்டியது முக்கியமான விஷயம்.

ஏஜென்ட் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும் விதம்

இன்று அதிகம் பயன்படும் வழி எம்சிபி. ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட இந்த நெறிமுறை, 2025 டிசம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் உள்ள அமைப்புக்குக் கைமாறியது. இதில் நடப்பது இவ்வளவுதான்:

1. ஏஜென்டை ஓட்டும் செயலி, சர்வரிடம் "உன்னிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன?" என்று கேட்கிறது.
2. சர்வர் ஒரு பட்டியல் தருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சாதாரண மொழியில் ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற ஸ்கீமா.
3. அந்தப் பட்டியல் மாடலின் கான்டெக்ஸ்டில் (பதில் எழுதுமுன் மாடல் படிக்கும் மொத்த எழுத்து), பயனர் கேட்ட கேள்வியோடு சேர்த்து வைக்கப்படுகிறது.
4. எந்தக் கருவியை, எந்த உள்ளீட்டோடு அழைப்பது என்று மாடல் எழுதிக் கொடுக்கிறது.
5. செயலி அந்த அழைப்பைச் செய்து, வந்த பதிலை மறுபடி மாடலிடம் தருகிறது.

நான்காவது படியில் மாடலின் கையில் இருப்பது என்ன? கருவியின் உள்ளே இருக்கும் நிரல் அதற்குத் தெரியாது. உங்கள் கட்டமைப்பு வரைபடம் தெரியாது. "அந்த ஏபிஐ ரொம்பப் பழசு, யாரும் தொடுவதில்லை" என்று டீமில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் தெரியாது. பெயர், விளக்கம், ஸ்கீமா ஆகிய மூன்றும், பயிற்சியின்போது இணையத்தில் படித்த பொது அறிவும் மட்டுமே இருக்கின்றன.

"எங்களிடம் ஓப்பன்ஏபிஐ கோப்பு இருக்கிறதே, அதையே கொடுத்துவிடலாமே" என்று கேட்கிறவர்களுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. ஒரு சேவையை மற்ற நிரல்கள் அழைக்கும் வழியை ஏபிஐ என்கிறோம். அந்தக் கோப்பு அப்படி ஒரு அழைப்பின் வடிவத்தைச் சொல்கிறது: உள்ளீட்டின் வகை, பதிலின் அமைப்பு, பிழை எண்கள். எப்போது இதை அழைக்க வேண்டும், எப்போது அழைக்கக் கூடாது, வந்த பதிலை எவ்வளவு நம்பலாம் என்பதை அதில் யாரும் எழுதாமல் விட்டிருந்தால், கோப்பு முறைப்படி சரியாகவே இருக்கும். ஏஜென்டுக்கு மட்டும் போதாது. புரோகிராமர் ஆவணத்தில் ஓட்டை இருந்தால் நாலு தடவை முயன்று பார்த்துக் கற்றுக்கொள்வார். கற்றது அடுத்த முறைக்கும் அவரோடு இருக்கும். ஏஜென்ட் ஒவ்வொரு உரையாடலிலும் அதே ஓட்டையில் புதிதாக விழும்.

கன்சல்: ஒரே கேள்விக்கு மூன்று கதவுகள்

கன்சலை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். ஒரு சேவை எங்கே இருக்கிறது என்று கன்சலிடம் கேட்க மூன்று ஏபிஐ வழிகள் உண்டு.

முதலாவது கேட்டலாக். கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் கணினிகளின் தொகுப்பு) முழுவதிலும் பதிவாகியிருக்கும் இன்ஸ்டன்ஸ்களைத் தரும். ஹெல்த் செக்கில், அதாவது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனையில், தோற்றவையும் பட்டியலில் இருக்கும். பதிவாகியிருக்கிறதா என்பதே அதன் அளவுகோல்.

இரண்டாவது ஹெல்த். ஒவ்வொரு இன்ஸ்டன்ஸோடும் அதன் ஹெல்த் செக் முடிவுகளைச் சேர்த்துத் தரும். "தேறியவை மட்டும்" என்ற வடிகட்டியைச் சேர்த்துக் கேட்டால்தான் நல்ல நிலையில் இருப்பவை மட்டும் வரும். வடிகட்டியை மறந்தால் தோற்றவையும் கூடவே வரும்.

மூன்றாவது, கன்சல் தன் ஒவ்வொரு கணினியிலும் ஓட்டும் சிறு நிரலிடம் கேட்பது. அந்தக் கணினியில் பதிவான சேவைகள் மட்டுமே அதற்குத் தெரியும். கன்சலில் அந்தச் சிறு நிரலுக்கும் ஏஜென்ட் என்றுதான் பெயர். "ஏஜென்ட் சேவைகள்" என்று கருவிக்குப் பெயர் வைத்தால், அது தனக்காகவே வைத்த கருவி என்று ஏஐ ஏஜென்ட் எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

இந்த மூன்றையும் மூன்று கருவிகளாக்கி, "சேவைகளைப் பட்டியலிடும்", "சேவை விவரம் தரும்", "சேவைகளைக் காட்டும்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவிட்டால், மாடல் எதைத் தேர்ந்தெடுக்கும்? எதை வேண்டுமானாலும். ஒரு நாள் ஹெல்த் வழியில் போய்ச் சரியான பதில் தரும்; மறுநாள் கேட்டலாக் வழியில் போய் விழுந்த சர்வரின் முகவரியை எடுத்துத் தரும். இரண்டு பதில்களும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பிழை நடந்ததே தெரியாது.

இதில் இன்னொரு நுட்பம் காலம். கன்சலில் "பழைய தகவலானாலும் பரவாயில்லை" என்று கேட்கலாம். அப்போது தலைமை சர்வருக்குப் போகாமல் ஏதாவது ஒரு சர்வர் பதில் சொல்லிவிடும். தலைமையோடு கடைசியாகப் பேசி எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்பது பதிலின் ஹெடரில், அதாவது பதிலோடு தனியாக வரும் துணைத் தகவலில், இருக்கும். எம்சிபி சர்வரை எழுதுகிறவர்கள் பதிலின் உடலை மட்டும் மாடலுக்குக் கொடுத்துவிட்டு ஹெடரைத் தூக்கி எறிந்துவிட்டால், அந்தத் தகவல் அங்கேயே தொலைந்துவிடுகிறது.

யுரேகாவில் இது இன்னும் கூர்மையானது. ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்லும்; 90 விநாடி சத்தம் இல்லையென்றால் நீக்கத் தகுதியாகும். ஆனால் எதிர்பார்த்த செய்திகளில் 85 சதவீதத்துக்கும் குறைவாக வந்தால், பிரச்சினை நெட்வொர்க்கில் இருக்கலாம் என்று கருதி, யுரேகா யாரையும் நீக்காமல் தற்காப்பு நிலைக்குப் போய்விடும். மனிதப் பொறியாளருக்கு அது நல்ல வடிவமைப்பு. அந்த நேரத்தில் பதிவேட்டைப் படிக்கும் ஏஜென்டுக்கு, எல்லா இன்ஸ்டன்ஸும் ஓடுகின்றன என்ற பொய்யான சித்திரம் கிடைக்கும். விளக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தால் போதும்: "தற்காப்பு நிலையில் இருக்கும்போது 'ஓடுகிறது' என்ற குறி பழையதாக இருக்கலாம், அழைத்துப் பார்த்து உறுதி செய்."

குபர்னடிஸிலும் இதே கதைதான், சுருக்கமாக: வழக்கமான ஒரு சர்வீஸின் பெயருக்கு முகவரி கிடைக்கிறது என்பதால் அதன் பின்னால் தயாராக ஒரு பாட் (சேவையின் நிரல் ஓடும் அலகு) இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாட் ஒன்றுகூட இல்லாதபோதும் பெயருக்கு முகவரி கிடைக்கும்.

காலிப் பட்டியல் என்ன சொல்கிறது?

டிஸ்கவரி கருவிகளில் மிக ஆபத்தான பதில் பிழைச் செய்தி அல்ல. வெற்றி என்ற குறியோடு வரும் காலிப் பட்டியல். கன்சலில் இதற்கு நான்கு காரணங்களாவது இருக்கலாம்:

1. அப்படி ஒரு சேவையே பதிவாகவில்லை. பெயரில் ஓர் எழுத்து பிழையானாலும் கன்சல் "தவறு" என்று சொல்லாது, காலியைத் தரும்.
2. சேவை இருக்கிறது, ஆனால் ஹெல்த் செக்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. இது அவசரச் செய்தி. யாரையாவது உடனே எழுப்ப வேண்டிய நிலை.
3. சேவை வேறு டேட்டாசென்டரில் இருக்கிறது. எந்த டேட்டாசென்டர் என்று சொல்லாவிட்டால் கேட்ட இடத்திலேயே தேடும்.
4. கேட்கும்போது காட்டிய டோக்கனுக்கு (அனுமதிச் சாவி) அந்தச் சேவையைப் பார்க்க அனுமதி இல்லை. அனுமதி இல்லாதவற்றைக் கன்சல் அமைதியாக வடிகட்டிவிடும். வடிகட்டியதைச் சொல்லும் ஒரு ஹெடர் புதிய பதிப்புகளில் உண்டு. அதை யாராவது படித்தால்தான் பயன்.

நான்குக்கும் அடுத்து செய்ய வேண்டியது வேறு வேறு. எழுதி வைக்காவிட்டால் மாடல் நான்கையும் "அந்தச் சேவை இல்லை" என்ற ஒரே வாக்கியமாக்கி, தயக்கமே இல்லாமல் சொல்லிவிடும். அதைக் கேட்ட இன்னொரு ஏஜென்ட், இல்லாத சேவையைப் புதிதாக உருவாக்கக் கிளம்பினால் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே காலிப் பதிலைக் கருவியே பிரித்துச் சொல்ல வேண்டும். "'பேமன்ட்' என்ற பெயரில் எதுவும் பதிவாகவில்லை. நெருங்கிய பெயர்கள்: 'பேமன்ட்ஸ்-ஏபிஐ', 'பேமன்ட்ஸ்-வொர்க்கர்'" என்று ஒரு பதில். "'பேமன்ட்ஸ்-ஏபிஐ' பதிவாகியிருக்கிறது, 4 இன்ஸ்டன்ஸ்களில் 0 தேறியுள்ளன" என்று இன்னொரு பதில். ஏஜென்டுக்கான ஆவணத்தில் பாதி இப்படிப் பதில்களுக்குள்ளேதான் இருக்கிறது. மாடல் கவனமாகப் படிக்கும் இடம் அது. தேவைப்படும் அந்த நொடியில் கண்முன் இருக்கும் எழுத்தும் அதுதான்.

விளக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

பலர் எழுதும் விளக்கம் இப்படி இருக்கும்: "சர்வீஸ்களைத் தேடித் தரும்."

அதே கருவிக்கு இப்படி எழுதலாம்:

"ஒரு சர்வீஸின் சரியான பெயரைக் கொடுத்தால், எல்லா ஹெல்த் செக்கிலும் தேறிய இன்ஸ்டன்ஸ்களின் முகவரியையும் போர்ட்டையும் தரும். இப்போதே அழைக்க முகவரி தேவைப்படும்போது பயன்படுத்து. சர்வீஸ் ஏன் பழுதானது என்று ஆராய இது உதவாது. அதற்கு 'சர்வீஸ் நிலை' கருவியை அழை. சரியான பெயர் தெரியாவிட்டால் ஊகிக்காதே. முதலில் 'பெயர் தேடல்' கருவியை அழை. டேட்டாசென்டர் கட்டாயம்: சென்னை, மும்பை, சோதனை ஆகிய மூன்றில் ஒன்று. பயனர் எதையும் சொல்லாவிட்டால் அவரிடமே கேள். பதில் அதிகபட்சம் 10 விநாடி பழையதாக இருக்கலாம். இது எதையும் மாற்றாது, படிக்க மட்டும் செய்யும்."

இது ஒரு மாதிரிதான். ஆனால் இதில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு குறிப்பிட்ட தவறைத் தடுக்க இருக்கிறது. எதை எழுதுவது என்று தெரியாமல் திகைப்பவர்கள் இந்த வரிசையில் யோசிக்கலாம்:

1. எப்போது அழைக்க வேண்டும். கருவி என்ன செய்கிறது என்பதைவிட இது முக்கியம், ஏனென்றால் மாடல் எடுக்கும் முடிவு இதுதான்.

2. எப்போது அழைக்கக் கூடாது, பதிலாக எது. டிஸ்கவரி கருவிகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. பக்கத்துக் கருவியின் பெயரைச் சொல்லி எல்லையைக் காட்டாவிட்டால் மாடல் தடுமாறும். இரண்டு கருவிகளுக்கு இடையே எல்லையை எழுத முடியவில்லை என்றால், அவை ஒரே கருவியாக இருக்க வேண்டியவை என்று புரிந்துகொள்ளலாம்.

3. உள்ளீட்டின் பெயரும் அனுமதிக்கப்பட்ட மதிப்புகளும். "பெயர்" என்று பொதுவாக விடாமல் "சர்வீஸ் பெயர்", "நோட் பெயர்" (சேவை ஓடும் கணினியின் பெயர்) என்று பிரித்து எழுத வேண்டும். சூழலுக்கு "நேரடி" என்று ஒரு இயல்புநிலை மதிப்பு கொடுப்பது மிகத் தவறான வசதி. சொல்லாமல் விட்டால் நேரடிச் சூழலில் போய் நிற்கும் ஏஜென்ட் அப்படித்தான் பிறக்கிறது. ஸ்கீமாவிலேயே கட்டாயமாக்கிவிட்டால் விளக்கத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

4. பதிலின் எல்லை. எவ்வளவு பழையது, எந்த டேட்டாசென்டர் வரை, அதிகபட்சம் எத்தனை வரிகள், மீதி இருந்தால் எப்படிக் கேட்பது.

5. பின்விளைவு. படிக்க மட்டுமா, மாற்றுமா, இரண்டு முறை அழைத்தால் ஏதாவது ஆகுமா. எம்சிபியின் 2025 மார்ச் பதிப்பிலிருந்து இதற்கென்றே தனிக் குறிகள் இருக்கின்றன. சேவையைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் கருவியும் தேடும் கருவியும் ஒரே சர்வரில் இருந்தால் இந்தக் குறி இல்லாமல் விடவே கூடாது.

பெயர் தேடல் கருவியில் மொழியையும் கவனிக்க வேண்டும். பயனர் தமிழில் "பணம் திருப்பித் தரும் சர்வீஸ் எது?" என்று கேட்கலாம், பதிவேட்டில் ஆங்கிலச் சுருக்கம் ஒன்று இருக்கும். மாடல் கேள்வியின் பொருளைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் சொல்லுக்குச் சொல் பொருத்தித் தேடும் கருவிக்குத் தமிழ்ச் சொல்லை அப்படியே அனுப்பினால் காலிப் பட்டியல்தான் வரும். "தேடும் சொல்லை ஆங்கிலத்தில் கொடு" என்ற ஒரு வரியை விளக்கத்தில் சேர்த்துவிட்டால் இது தீர்ந்துவிடும்.

எவ்வளவு எழுதுவது?

எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிடலாம் என்றால், அதற்கும் விலை இருக்கிறது. ஒவ்வொரு கருவியின் விளக்கமும் மாடலின் கான்டெக்ஸ்டில் இடம் பிடிக்கிறது. ஐந்து சர்வர்களின் 58 கருவிகளைச் சேர்த்தால், பயனர் ஒரு சொல் பேசுவதற்கு முன்பே சுமார் 55,000 டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்து எண்ணும் சிறு துண்டு) போய்விடுகிறது என்று ஆந்த்ரோபிக் 2025 நவம்பரில் எழுதியது. செலவோடு முடியவில்லை, கருவிகள் கூடக்கூட, தவறானதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, கருவிகளுக்கே ஒரு டிஸ்கவரி. எல்லாக் கருவிகளையும் முன்கூட்டியே ஏற்றாமல், தேடும் கருவி ஒன்றை மட்டும் மாடலிடம் கொடுப்பது. தேவைப்பட்டதை அது தேடி எடுத்துக்கொள்ளும். அந்த நிறுவனத்தின் சோதனையில் ஓபஸ் 4 மாடலின் துல்லியம் இந்த முறையால் 49 சதவீதத்திலிருந்து 74 சதவீதமாக உயர்ந்தது.

இந்த முறையில் விளக்கம் எழுதுகிறவரின் பொறுப்பு கூடுகிறது. இப்போது விளக்கம் இரண்டு வேலை செய்ய வேண்டும்: முதலில் தேடலில் சிக்க வேண்டும், அப்புறம் சரியான தேர்வுக்கு உதவ வேண்டும். தேடலில் சிக்காத கருவி இல்லாத கருவிக்குச் சமம். பயனர்கள் உண்மையில் சொல்லும் சொற்களை முதல் வாக்கியத்திலேயே வைப்பது இதற்கு உதவும். கூகுள் 2025 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய ஏ2ஏ நெறிமுறையில், ஒவ்வொரு ஏஜென்டும் தன்னைப் பற்றி வெளியிடும் அட்டையில் திறன்களின் விளக்கத்தோடு குறிச்சொற்களுக்கும் மாதிரிக் கேள்விகளுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரிக் கேள்விகளை நிரப்பாமல் விடுவது பெரிய இழப்பு.

விளக்கத்தை யார் எழுதியது?

மாடலுக்குள் போகும் எழுத்து எதுவாக இருந்தாலும் அது மாடலின் நடத்தையை மாற்றும். அதனால் விளக்கமே தாக்குதலுக்கு வழியாகலாம். 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் இதைச் செய்து காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு சாதாரணக் கருவி. அதன் விளக்கத்துக்குள், பயனரின் கணினியில் இருக்கும் ரகசியச் சாவிக் கோப்பைப் படித்து ஓர் உள்ளீடாக அனுப்பும்படி மாடலுக்கு உத்தரவு. பயனர் பார்க்கும் திரையில் கூட்டல் கருவி மட்டும் தெரிந்தது. மாடல் முழு விளக்கத்தையும் படித்தது, கீழ்ப்படிந்தது. முதலில் நல்ல விளக்கத்தைக் காட்டி அனுமதி வாங்கிவிட்டு, பிறகு விளக்கத்தை மாற்றிவிடும் தந்திரத்தையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

டிஸ்கவரி கருவியில் இந்த அபாயம் ஒரு படி ஆழமானது. கருவியை நீங்களே எழுதியிருக்கலாம், நம்பகமானதாக இருக்கலாம். ஆனால் அது தரும் பதிலில், யார் யாரோ பதிந்த சேவைகளின் விளக்கங்கள் இருக்கின்றன. பதிவேட்டில் எழுத அனுமதி உள்ள எவரும் ஏஜென்டின் காதில் பேச முடியும் என்று அர்த்தம். எனவே யார் பதியலாம் என்ற கட்டுப்பாடும், பதில்களில் எது பதிவேடு சொல்வது, எது சேவையின் உரிமையாளர் எழுதியது என்ற தெளிவான பிரிவும் வேண்டும். கருவியைப் பற்றிய குறிகள் நம்பகமான சர்வரிலிருந்து வராவிட்டால் அவற்றை நம்பக் கூடாது என்று எம்சிபி விதிமுறையே சொல்கிறது.

2025 செப்டம்பரில் முன்னோட்டமாக வந்த எம்சிபி பொதுப் பதிவேடு, சர்வரின் பெயரைக் கிட்ஹப் கணக்கோடோ டொமைனோடோ கட்டிப்போடுகிறது. யார் பதிந்தார் என்பது இதனால் தெரியும். அவர் எழுதியது உண்மையா என்பது தெரியாது. யுடிடிஐ விட்டுச்சென்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

சோதிப்பதும் பராமரிப்பதும்

விளக்கம் நன்றாக இருக்கிறதா என்பதைப் படித்துப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓட்டிப் பார்க்க வேண்டும். பயனர்கள் உண்மையில் கேட்கக்கூடிய கேள்விகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கருவி, எந்த உள்ளீட்டோடு அழைக்கப்பட வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்வது முதல் படி. நல்ல கேள்விகள் மட்டும் போதாது: இல்லாத சேவையின் பெயர், எழுத்துப் பிழையுள்ள பெயர், சூழலைச் சொல்லாத கேள்வி, அனுமதி இல்லாத சேவை ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வகையில்தான் விளக்கத்தின் தரம் தெரியும். ஒரே கேள்விக்கு மாடல் ஒவ்வொரு முறையும் ஒரே பதில் தராது என்பதால் ஒவ்வொன்றையும் பலமுறை ஓட்ட வேண்டும். விளக்கத்தில் ஒரு வரி மாறினாலும் மாடல் பதிப்பு மாறினாலும் மறுபடி ஓட்ட வேண்டும். தோற்ற உரையாடல்களை முழுதாகப் படித்தால், எந்த வாக்கியம் மாடலைத் திசைதிருப்பியது என்பது பெரும்பாலும் கண்ணில் படும்.

பராமரிப்பு இதைவிடக் கடினம். சேவையின் விளக்கம் ஒரு விக்கியில் தனியாக இருந்தால், சேவை மாறும், விக்கி மாறாது. விளக்கத்தைச் சேவையின் பதிவோடு சேர்த்துவிடுவதே நடைமுறையில் தாங்கும் வழி. கன்சலில் ஒவ்வொரு சேவைப் பதிவோடும் கூடுதல் தகவல்களை வைக்கலாம். ஒரு மதிப்புக்கு 512 எழுத்து வரை இடம் உண்டு. குபர்னடிஸில் இதற்கு அனோட்டேஷன் என்ற குறிப்புப் பகுதி இருக்கிறது. என்ன வேலை, எந்த டீமின் பொறுப்பு, எதற்குப் பயன்படுத்தக் கூடாது ஆகிய மூன்றும் அந்த இடத்துக்குள் அடங்கிவிடும். அப்படி வைத்தால் சேவை எழும்போது விளக்கமும் எழும், சேவை போகும்போது விளக்கமும் போய்விடும். மனிதர்கள் படிக்கும் பக்கத்தையும் அதே தகவலிலிருந்து உருவாக்கிக்கொள்ளலாம். விளக்கம் இல்லாத சேவையை, சேவைகளை டிப்ளாய் செய்யும் (ஓட்டத்துக்கு அனுப்பும்) தானியங்கி பைப்லைனே திருப்பி அனுப்பும்படி ஒரு சோதனை வைத்துவிட்டால், யாரும் யாரையும் நினைவூட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.